எல்லாம் சரி என்றொரு பொத்தான்

அலுவலகத்தில் அவனுக்குச் சதுரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறொன்று உண்டு. கூப்பிட ஆள் இல்லாமல் அது அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. மென்பொருளுக்குத் திரை அமைப்பது அவன் தொழில். கணினியைத் திறந்தால் கண்ணில் படுகிற கட்டங்கள், பட்டியல்கள், பொத்தான்கள் எல்லாம் யாரோ உட்கார்ந்து வைத்தவைதானே, அந்த யாரோ இவன்தான். ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைவிட மயிரிழை அகலமாகிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. நாற்பத்திரண்டு வயதில் இப்படியும் ஒரு மனுஷனா என்று கேட்காதீர்கள். இருக்கிறார்கள்.

நிறுவனம் அவன் மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மச்சானிடம் வேலை பார்ப்பது எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் வாங்கிய திட்டு, ஆள் வீடு போய்ச் சேருவதற்குள் தொலைபேசி வழியாக வீட்டுக்குப் போய்க் காத்திருக்கும்.

அந்த வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் கிருமி நீக்கும் பிரிவு என்று ஒன்று உண்டு. மேலே அறுவை அரங்கில் பயன்பட்ட கத்தரி, கத்தி, கவ்வி எல்லாம் ஒரு சின்ன லிஃப்டில் இறங்கி அங்கேதான் வரும். முதலில் எண்ணும் மேஜை. எண்ணி முடித்தபிறகுதான் கழுவுவதும் ஆவியில் வேகவைப்பதும். வயிற்று அறுவைத் தட்டு என்றால் அதில் எழுபத்து நான்கு கருவிகள். மேலே போனது எழுபத்து நான்கு என்றால் கீழே வருவதும் எழுபத்து நான்காக இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்தது நோயாளியின் உடம்புக்குள் இருக்கலாம். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அரங்கிலேயே ஒருமுறை எண்ணிவிட்டாலும், தையல் போடும் நேரத்தில் தட்டு கீழே இறங்கும். எண்ணும் மேஜையிலிருந்து பச்சை விளக்கு வரும்வரை நோயாளியை அறுவை மேஜையிலிருந்து நகர்த்த மாட்டார்கள்.

இதுவரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, மணியை அழுத்திப் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சதுரம் அந்த நோட்டை ஒழித்தான். சுவரில் தொடுதிரை. தட்டின் பெயரைத் தொட்டால் எழுபத்து நான்கு வரிசைகள் அகர வரிசையில் விரியும். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு குட்டிச் சதுரம். கருவியைப் பார், சதுரத்தைத் தொடு. எழுபத்து நான்கும் தொட்டாயிற்றா, மேலே பச்சை விளக்கு. வரைந்து முடித்த அன்று எழுந்து தள்ளி நின்று பார்த்து, தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

ஆனால் அந்தத் திரையில் இன்னொன்றும் இருந்தது. கீழ் மூலையில், சாம்பல் நிறத்தில், 'எல்லாம் சரி' என்று ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால் எழுபத்து நான்கு சதுரமும் ஒரே நொடியில் நிரம்பிவிடும். திரை வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் எழுபத்து நான்கைத் தொட்டுத் தொட்டு விரல் நொந்துபோய், தன் சௌகரியத்துக்காக அவனே வைத்துக்கொண்டது. கடைசியில் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். மறந்துவிட்டான்.

திரை பழக்கத்துக்கு வந்து இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிற அம்மாள். மேஜையில் இரண்டு தாள்களைப் போட்டார். ஒன்றில், மற்ற ஊழியர்கள் ஒரு தட்டுக்கு எடுத்துக்கொண்ட நேரம்: பதினொரு நிமிடம், பன்னிரண்டு நிமிடம். பழைய நோட்டில் ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை. மேலே மருத்துவர்கள் பச்சை விளக்குக்குக் காத்துக் காத்துக் கத்துகிறார்கள். இன்னொரு தாளில் ஒரே ஒரு ஊழியரின் கணக்கு. எழுபத்து நான்கு கருவி, நான்கு நொடி. அடுத்த தட்டும் நான்கு நொடி. முதல் வாரம் போக, இரண்டு மாதமாக எல்லாத் தட்டும் நான்கு நொடி.

"எண்ணாமலே பட்டனை அழுத்துறா" என்றார் நிர்வாகி. "வெள்ளிக்கிழமைக்குள்ள நேர்ல பார்த்து ரிப்போர்ட் கொடுங்க. மேஜையில இருந்து அவளை எடுக்கணும்னா எனக்கு ஒரு பேர் எழுத்துல வேணும்."

அறிக்கைப் படிவத்தையும் கொடுத்தார். கடைசியில் ஒரு கட்டம்: 'தவறுக்குப் பொறுப்பானவர்'. அழகான கட்டம். அந்தப் பொத்தான் எப்படி அங்கே வந்தது என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பன்னிரண்டு நிமிடக்காரர்களைப் பற்றி மட்டும், 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், பழகினால் சரியாகிவிடும்' என்று சமாதானம் சொல்லிவிட்டு இறங்கினான்.

அந்த ஊழியரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்றுதான் திங்கட்கிழமை காலை அடித்தளத்துக்குப் போனான். தொப்பி, முகக்கவசம், நீள அங்கி எல்லாம் மாட்டி ஒரு மூலையில் நிறுத்தினார்கள். சன்னல் இல்லாத அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர், தண்ணீர் சொட்டும் தொட்டிகள், நடுவில் எஃகு மேஜை. அவளுக்கு வயது முப்பது இருக்கும். ஆஸ்பத்திரி முழுக்க அவளை நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயருக்கு ஏற்றாற்போல் தலையை மெல்லத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"சார், எண்ணும்போது பேச மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

லிஃப்ட் இறங்கியது. முழங்கை வரை ஏறிய தடித்த கையுறையோடு தட்டை எடுத்துத் தொட்டியில் ஒரு முக்கு முக்கி மேஜையில் விரித்த துணிமேல் கொட்டினாள். கொட்டிய குவியலைப் பார்த்தால் எது கத்தரி எது கவ்வி என்று அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் கை அதற்குள் போயிற்று. வளைந்த மூக்குக் கவ்விகள் இடப்பக்கம், நேர் மூக்கு வலப்பக்கம். ஒவ்வொன்றையும் திறந்தாள், மூடினாள். க்ளிக் என்று ஒரு சத்தம். சத்தம் சரியில்லாத ஒன்றைத் தனியே தள்ளினாள். நுனியை வெளிச்சத்துக்குக் காட்டினாள். ஐந்து வைத்ததும் விரல் அளவு இடைவெளி, மறுபடி ஐந்து. கத்தரிகள் மேலே, கத்திப் பிடிகள் கீழே, விரிப்பான்கள் ஓரத்தில். சற்று நேரத்தில் குவியல் போய், துணிமேல் ஒரு கோலம் நின்றது. கோலம் என்றால் அலங்காரம் இல்லை. ஒரு புள்ளி விடுபட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தட்டின் பெயர், 'எல்லாம் சரி', முடிந்தது. நான்கு நொடி.

சதுரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தட்டைக் கொட்டியதிலிருந்து நான்கு நிமிடம் ஐம்பது நொடி ஆகியிருந்தது. அவன் எழுதிய மென்பொருளோ, பட்டியலைத் திறந்த நொடியிலிருந்து கணக்குப் பார்த்தது. வேலை திரையைத் தொடும்போதுதான் தொடங்கும் என்று அவன் நினைத்திருந்தான். நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டான். அவளுக்கோ திரையைத் தொடும்போது வேலை முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமையும் பார்த்தான். பதினாறு தட்டு. பதினாறும் அதே கோலம், அதே க்ளிக். மற்ற ஊழியர்கள் முறை வந்தபோது அவர்களையும் பார்த்தான். அவர்கள் சட்டத்துக்கு அடங்கியவர்கள். ஒரு கவ்வியை எடுத்து, திரும்பி, அகர வரிசையில் அதைத் தேடி, ஈரக் கையுறையால் தொட்டு, திரையில் வழிந்த தண்ணீரைத் துடைத்து, மறுபடி மேஜைக்குத் திரும்பும்போது எந்த இடத்தில் விட்டோம் என்று முழித்தார்கள். அகர வரிசையில் எந்தக் கருவியாவது லிஃப்டில் இறங்கியிருக்கிறதா? ஏட்டுச் சுரைக்காய் என்று ஊரில் சொல்வார்களே, அதை அவன் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தான்.

இத்தனையும் புரிந்தபிறகு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே மாடி ஏறியிருக்க வேண்டும். செய்யவில்லை. குறிப்பேட்டில் எழுதினான், எழுதியதை மூடி வைத்தான். உண்மையைச் சொன்னால் பொத்தான் கதை வெளியே வரும். சாயங்காலம் மச்சான் வேறு கூப்பிட்டார். மூன்று ஆஸ்பத்திரிகள் இந்தத் திரையைப் பார்த்துவிட்டு வாங்கக் காத்திருக்கின்றனவாம், இந்த நேரத்தில் திரையில் குறை என்று ஒரு வார்த்தை வரக்கூடாதாம். "அந்தப் பொண்ணு பேரை எழுதிட்டு வாங்க மாப்பிள்ளை. நாம என்ன பொய்யா சொல்றோம், பட்டனை அழுத்துனது அவதானே." பொய் இல்லைதான். அதுதான் அவனைக் குத்தியது.

புதன்கிழமை மதியம், கையுறையைக் கழற்றி அவள் கை கழுவும்போது, ஏன் ஒவ்வொன்றாகத் தொடுவதில்லை என்று கேட்டான். முதல் வாரம் தொட்டுப் பார்த்தாளாம். இருபதாவது கருவிக்கு மேல் கணக்கு நழுவிப்போனதாம்.

"லிஸ்டைப் பார்த்தா டிரேயைப் பார்க்க முடியல சார். டிரேயைப் பார்த்தா லிஸ்டைப் பார்க்க முடியல. ரெண்டுல ஒண்ணுதான்னா நான் எதைப் பார்க்கணும், நீங்களே சொல்லுங்க."

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை விஷயம் தனக்குத் தெரியும் என்றாள். சலவைப் பிரிவுக்கு மாற்றப் போகிறார்களாம். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை.

"போறதுன்னா போறேன். ஆனா எனக்கு அப்புறம் இந்த மேஜைக்கு வர்றவங்ககிட்ட, லிஸ்டைப் பார்க்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக விடுங்க."

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு லிஃப்ட் இறங்கியது. வயிற்று அறுவைத் தட்டு. மேலே தையல் தொடங்கியிருந்தது. வழக்கம்போல் முக்கினாள், கொட்டினாள், கோலம் போட்டாள். நான்கு நாளாகப் பார்த்த பழக்கத்தில் சதுரமும் மனசுக்குள் ஐந்து ஐந்தாக எண்ணினான். எழுபத்து நான்கு. அவனுக்கே வந்துவிட்டது. பெருமையாக அவளைப் பார்த்தான்.

அவள் கை நின்றிருந்தது. நான்கு நாளில் எண்ணி முடித்த கை திரைக்குப் போகாமல் நின்றது அதுதான் முதல் தடவை. வயிற்றை விரித்துப் பிடிக்கும் பெரிய விரிப்பானின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தாள். விரலை மெல்ல அசைத்தாள். விரிப்பானின் கை லேசாக ஆடியது. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். தட்டைக் கவிழ்த்தாள். துணியை உதறினாள். லிஃப்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு கையுறையோடே சுவர்த் தொலைபேசியை எடுத்தாள்.

"நிதானம் பேசறேன். பெரிய விரிப்பான்ல ஒரு திருகாணி இல்ல. பேஷண்டை நகர்த்தாதீங்க."

மேலே எண்ணிக்கை சரியாக இருந்தது. அரங்குச் செவிலி எழுபத்து நான்கு என்றாள். ஒலிபெருக்கியில் அறுவை மருத்துவரே வந்து எழுபத்து நான்கு என்றார். சதுரத்தின் பட்டியலிலும் எழுபத்து நான்குதான். அதில் 'விரிப்பான், பெரியது: 1' என்று இருந்தது. அந்த ஒன்றுக்குள் மூன்று திருகாணி இருப்பது பட்டியலுக்கும் தெரியாது, அதைத் தட்டச்சு செய்தவனுக்கும் தெரியாது. மருத்துவர் எரிச்சலாக, அது பழைய விரிப்பான், திருகாணி முன்னமே விழுந்திருக்கும் என்றார். நேற்று காலையில் அதே விரிப்பானைத் தானே இறுக்கி அனுப்பியதாக அவள் சொன்னாள். திரையில் எல்லாம் சரியாக இருக்கும்போது பச்சை விளக்குப் போட என்ன கேடு என்று அவர் கேட்டார்.

"போட மாட்டேன் சார்" என்றாள். அவ்வளவுதான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு நின்றாள். அவனும் நின்றான். அரங்குக்கு எக்ஸ்ரே பெட்டி போகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். பதினெட்டு நிமிடம். சதுரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் வாழ்க்கையில் அவன் எத்தனையோ பொத்தான்களை வைத்திருக்கிறான். ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தாமல் நிற்பதை அன்றுதான் முதலில் பார்த்தான்.

தொலைபேசி அடித்தது. மருத்துவர்தான். குரல் வேறு மாதிரி இருந்தது.

"இருந்துச்சும்மா. குடலுக்குப் பின்னால. எடுத்தாச்சு."

சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டு, அரங்கிலிருந்து திருகாணி இறங்கி வரும்வரை காத்திருந்து, அதைக் கையில் வாங்கி, கழுவி, விரிப்பானில் பொருத்தி இறுக்கினாள். கட்டைவிரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. பிறகுதான் திரைப்பக்கம் போனாள். நான்கு நொடி.

சதுரம் மலைத்துப் போய் சுவரில் சாய்ந்திருந்தான். மூக்கின்மேல் விரல் வைப்பது என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தவன், முகக்கவசத்தின்மேல் தன் விரல் இருப்பதை அப்போதுதான் கவனித்தான். உப்பு அளவு, இல்லை, ஒரு மிளகு அளவு இரும்பு. அதைக் கண்ணால்கூட அவள் பார்க்கவில்லை, அது இல்லாத இடத்தை விரலால் பார்த்தாள். இந்தக் கைக்குத்தான் அவன் அகர வரிசை சொல்லிக்கொடுக்க வந்திருந்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது, அதற்குப் பயபக்தி என்பதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டான், எத்தனை வருஷமாக இந்த மேஜை என்று. ஒன்பது என்றாள். பிரசவ அறுவைத் தட்டும் இங்கேதான் வருமா என்று கேட்டான்.

"எல்லாம் இங்கதான் வரும் சார். நான் இல்லேன்னா பக்கத்துல இருக்கறவங்க எண்ணுவாங்க. ஏன் சார்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தான்.

வீட்டில் மகள் கூடத்தில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. அதே ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே, பேயறைந்த மாதிரி முகம் ஏன் என்று கேட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னான். பொத்தான் கதையையும் சொன்னான், கட்டத்தில் எழுத வேண்டிய பெயரையும் சொன்னான். திருகாணி வந்த இடத்தில் அவள் மடிப்பதை நிறுத்தினாள். கை தானாக அடிவயிற்றுக்குப் போய் அங்கேயே இருந்தது. ஏழு வருஷத்தில் அந்தத் தழும்பைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. கத்தி வைத்தவரை அவர்களுக்குத் தெரியும், பெயர் தெரியும், பெட்டி நிறைய இனிப்பு வாங்கிக்கொண்டு போய் நன்றி சொன்னார்கள். கீழே ஒரு அறை இருப்பது தெரியாது.

"அவ பேரை எழுதப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

அவன் பையிலிருந்து படிவத்தை எடுத்து, இன்னும் காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினான்.

"எங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க."

வெள்ளிக்கிழமை காலை நிர்வாகியின் அறையில், திருகாணி செய்தி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நிர்வாகிக்கு அந்தப் பெண்மேல் மதிப்பு வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் அதிர்ஷ்டம் கைகொடுத்தது, மறுநாள் கொடுக்காவிட்டால்? இரண்டு மாதம் நான்கு நொடி என்று பதிவாகியிருப்பதை ஆய்வுக்கு வருகிறவர்களிடம் எப்படி விளக்குவது? பெயர் இல்லாமல் அறிக்கையை வாங்க முடியாது என்றார்.

சதுரம் படிவத்தை எடுத்தான். 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்ற கட்டத்தில், கோட்டைத் தொடாமல், நடுவாக, பெற்றவர்கள் வைத்த தன் பெயரை எழுதினான். எழுதி முடித்துவிட்டுக் காரணத்தையும் சொன்னான். கடிகாரத்தைத் தப்பான இடத்தில் தொடங்கியவன் அவன். பட்டியலைத் தப்பான வரிசையில் போட்டவன் அவன். பொத்தானை வைத்தவனும் அவனே. எழுபத்து நான்கு தடவை தொடுவது அவனுக்கே பொறுக்கவில்லை, அதை நாள் முழுக்க மற்றவர்கள் செய்வார்கள் என்று எதிர்பார்த்தான். இத்தனைக்கும் அந்த மேஜைப் பக்கம் அவன் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. கூடம் கோணல்தான், கட்டியவன் நான்தான் என்றான்.

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சரி. அப்ப திரையை எப்படி மாத்தணும்?"

"எனக்குத் தெரியாது" என்றான் சதுரம். பதினெட்டு வருஷத் தொழிலில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல்முறை. "அவங்க கூட உட்கார்ந்தாதான் தெரியும். ரெண்டு மாசம் வேணும்."

மச்சான் ஆடிய ஆட்டத்தை இங்கே எழுதினால் இடம் போதாது. தங்கை பேசினாள். பிறகு ஆட்டம் நின்றது, முறைப்பு மட்டும் கொஞ்சநாள் இருந்தது. புதுத் திரை வரும்வரைக்கும் என்று நோட்டுப் புத்தகம் மறுபடி மேஜைக்கு வந்தது, நிதானமும் மேஜையிலேயே இருந்தாள். ஆனால் புதுத் திரை தேறாவிட்டால் பழைய பட்டியலே திரும்பும், அவள் சலவைக்குப் போக வேண்டும் என்று நிர்வாகி சொல்லியிருந்தார்.

அந்த இரண்டு மாதத்தில் அவன் கணினியைத் திறந்தது குறைவு. தாளில் திரையை வரைந்து, கத்தரித்து, ஓய்வறை மேஜையில் பரப்பி, ஊழியர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து விரலால் தொட்டுக் காட்டச் சொன்னான். அவர்கள் பெரிய மனசுக்காரர்கள். எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு சார் என்றார்கள். நிதானமும் அப்படித்தான். திட்டச் சொல்லிக் கேட்டாலும் திட்டத் தெரியவில்லை. வாயைக் கேட்டுப் புண்ணியமில்லை என்று நாலைந்து நாளில் அவனுக்குப் புரிந்தது. நல்லா இருக்கு என்று வாய் சொன்ன தாளை, கை ஒதுக்கிவிட்டு மேஜையைப் பார்த்துப் போயிற்று. அன்றுமுதல் அவன் கையை மட்டும் பார்த்தான்.

தானும் ஒருமுறை கையுறை மாட்டி ஒரு தட்டை எண்ணிப் பார்த்தான். முதல் தடவை எழுபத்தொன்று, அடுத்த தடவை எழுபத்தாறு. இரண்டு கருவியைத் தரையில் போட்டான். அவள் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

ஒருநாள் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தவன், அப்படியே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டான். மேஜைக்கு மேலே அவள் கை ஐந்து கவ்வியை வைத்தது. மேஜைக்குக் கீழே அவள் வலது கால் நுனி தரையை ஒரு தட்டுத் தட்டியது. மறுபடி ஐந்து, மறுபடி ஒரு தட்டு. அவள் எழுபத்து நான்கையும் எண்ணி முடிக்கும்வரை பார்த்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுந்து சொன்னபோது அவளே நம்பவில்லை.

"நானா? காலாலயா? சும்மா சொல்லாதீங்க சார்."

ஒன்பது வருஷமாக அவளுக்கே தெரியாமல் அவள் கால் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க சதுரத்துக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

புதுத் திரை வந்த காலையில் நிர்வாகியும் இறங்கி வந்து நின்றார், மச்சானும் வந்தார். திரை பக்கத்துச் சுவரில் இல்லை, மேஜைக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில். பட்டியல் இல்லை. அவள் போடும் கோலத்தின் படம், அதே ஐந்து ஐந்து, அதே விரல் இடைவெளி. விரிப்பானைச் சுற்றி மூன்று திருகாணியும் தெரிந்தன. மேஜைக்கு அடியில், கால் தட்டும் இடத்தில் ஒரு மிதி. தட்டைக் கொட்டியதும் முதல் மிதி. கடிகாரம் அங்கே தொடங்கும். அப்புறம் ஐந்து வைக்கும்போதெல்லாம் கால் தட்டும், படத்தில் அந்த ஐந்தும் நிறம் மாறும். கட்டங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. பெரிய கருவிக்குப் பெரிய இடம், சின்னதற்குச் சின்ன இடம். பார்க்கச் சகிக்கவில்லைதான். அன்றைக்கு அவனுக்குச் சோறு நன்றாக இறங்கியது.

நிதானம் எண்ணினாள். அவள் கண் மேஜையை விட்டு நகரவே இல்லை. திரையில் கோலம் தானாக நிறைந்துகொண்டே வந்தது. நான்கு நிமிடம் நாற்பது நொடி. நிர்வாகி கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவள் இந்த மேஜையிலேயே இருக்கட்டும், மற்றவர்களும் இவளிடமே பழகிக்கொள்ளட்டும் என்றார். மச்சான் குனிந்து மிதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கடைசிப் பொத்தான். மேலே பச்சை விளக்கை ஏற்றும் பொத்தான். அதில் எதையும் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தான் சதுரம். என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டான். பழையபடி 'எல்லாம் சரி' என்றே போடலாம் என்றார் நிர்வாகி.

நிதானம் துணியில் கிடந்த கருவிகளை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாம் சரின்னு யாரால சொல்ல முடியும் மேடம்? 'நான் பார்த்தேன்'னு போடுங்க சார். அது போதும்."

சதுரம் அங்கேயே நின்றபடி அதைத் தட்டச்சு செய்தான். அவள் அழுத்தினாள். மேலே, முகம் தெரியாத யாரையோ, மேஜையிலிருந்து நகர்த்தினார்கள்.